கொல்லிமலையில் பிறந்த அறிவியல் கொல்லிமலை வகுப்பறைக்கு எப்போது வரும்?

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி, பேருந்து சோளக்காட்டில் நின்றபோது காலை ஒன்பது மணி. நாங்கள் நான்கு பேர். கையில் ஒரு மடிக்கணினி, இரவல் வாங்கிய புரொஜெக்டர், ஐந்து கண்ணாடிப் புட்டிகளில் விதைகள். மலையில் உள்ள ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்து பேசுவதற்காகப் போயிருந்தோம்.

முதலில், ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னோம். ஏறத்தாழ எல்லாத் தாளிலும் ஒரே படம்தான். கண்ணாடி போட்ட ஆண், வெள்ளைக் கோட்டு, கையில் புகை வரும் குடுவை. அடுத்து விதைப் புட்டிகளை வரிசையாக வைத்தோம். சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. பாதிப் பேர் பெயர் சொன்னார்கள். மீதிப் பேர் தயங்கினார்கள்.

"இதில் முளைக்கிற விதை எது, சொத்தை எது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறார்களா?" என்று கேட்டோம்.

"எங்க பாட்டி சொல்லும்" என்றாள் ஒரு சிறுமி.

"அப்படியானால் உன் பாட்டியும் விஞ்ஞானிதானே?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டியைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

கொல்லிமலையில் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த அறிவியல் ஆய்வு உலக மேடைகளில் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுக்கு விதை கொடுத்த வீட்டின் பேத்தி, பாட்டிக்குத் தெரிந்தது அறிவியல் என்று யாரேனும் சொன்னால் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்கிறாள். இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

மலை கொடுத்தது என்ன?

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை; இவர்கள் மலையின் மக்கள், பேசுவது தமிழ். நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த மலையில், ஓடையோரத் தாழ்நிலத்தில் நெல், சரிவில் சிறுதானியம் என்பதுதான் பழைய விவசாயம்.

1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் இங்கே வேலையைத் தொடங்கியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது மலை ஒரு திறந்தவெளி விதைக் களஞ்சியமாக இருந்தது. சாமை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மலை மக்களுக்கு அது கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை. கேழ்வரகில் சுண்டாங்கிக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, காரக் கேழ்வரகு. எந்த ரகம் எந்தச் சரிவுக்கு, எது எத்தனை மாதப் பயிர், எது களிக்கு, எது சோற்றுக்கு என்று பிரித்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அதற்கு முன்பே ஒரு சரிவு தொடங்கியிருந்தது. சேலம், நாமக்கல் பகுதி சேகோ ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறியது. கிழங்குக்குக் கையில் காசு கிடைத்தது. சாமைக்கு என்ன கிடைத்தது? உரலும் உலக்கையும் தோள்வலியும்தான். கேழ்வரகுக்கு உமி நீக்க வேண்டியதில்லை, அப்படியே திரிக்கலாம். சாமை, தினை, வரகு ஆகியவற்றின் உமி கெட்டியானது. ஒருவேளைச் சோற்றுக்கு நெடுநேரம் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். சாமை மறைந்ததற்குச் சுவை காரணமல்ல. பெண்ணின் உடலுழைப்புக்கு யாரும் கணக்கு வைக்காததே காரணம்.

ஆய்வு சரியாகத் தொட்ட இடமும் அதுதான். ஊர்களில் சிறிய உமி நீக்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின. ஒரே காட்டில் பல ரகங்களை அருகருகே விதைத்து, எது நன்றாக வந்தது என்று உழவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கைவீச்சாக விதைப்பதற்குப் பதில் வரிசையில் விதைத்துப் பார்த்தார்கள். ஊர் விதை வங்கிகள் வந்தன. மூங்கிலில் பின்னி மண்ணும் சாணமும் பூசிய பழைய தொம்பைகளுக்கு மறுபடி வேலை வந்தது. 2001 முதல், புறக்கணிக்கப்பட்ட பயிர்கள் பற்றிய ஒரு பன்னாட்டுத் திட்டத்திலும் கொல்லிமலைச் சிறுதானியங்கள் இடம்பெற்றன. பாதுகாப்பு, சாகுபடி, நுகர்வு, வணிகம் என நான்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது இங்கே உருவான பாடம். சாப்பிட ஆளில்லாத தானியத்தை விதை வங்கியில் மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

2023ஐ ஐ.நா. சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரக் கடைகளில் சாமை அரிசி பளபளப்பான பையில் ஏறியது. இந்தக் கதையில் ஒரு வரிகூட நாங்கள் சந்தித்த வகுப்பறையை எட்டவில்லை.

நான்கு உணவும் நான்கு குடியும்

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புறநானூற்றின் 335ஆம் பாடல், மாங்குடி கிழார் பாடியது. அது நான்கு உணவுகளைப் பெயர் சொல்லி நிறுத்துகிறது: வரகு, தினை, கொள், அவரை. இவையன்றி உணவில்லை என்கிறது. அதே மூச்சில் நான்கு குடிகளையும் சொல்கிறது: துடியன், பாணன், பறையன், கடம்பன். இவர்களன்றிக் குடியில்லை என்கிறது.

பிற்காலச் சாதியச் சமூகம் இந்த இரு பட்டியல்களையும் சேர்த்தே கீழே தள்ளியது. அரிசிச் சோறு மதிப்பானது, களியும் கூழும் இழிவானவை என்றாயின. கூழ் குடித்தவன் இழிந்தவன் ஆனான். கிராமத்தில் பள்ளிக்குப் போன நம்மில் பலர், கேழ்வரகுக் களியைத் தூக்குப் பாத்திரத்தில் மறைத்துச் சாப்பிட்டவர்கள்தாம். மலையில் குனிந்த அந்தச் சிறுமியின் தலைக்கும், அடிவாரச் சேரியில் மூடி திறக்கப்படாத அந்தத் தூக்குப் பாத்திரத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

இதை வகுப்பறைதான் மாற்ற முடியும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகை முளைகட்டினால், இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைகிறது. ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் உலர்த்தி மாவாக்கும் பாட்டியின் கைவேலை ஓர் உயிர்வேதியியல் செயல்முறை. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் முளைகட்டிய கேழ்வரகையும் வைத்தால், களியை மறைத்துச் சாப்பிட வேண்டிய தேவை எந்தப் பிள்ளைக்கும் இருக்காது.

பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் சி4 தாவரங்கள் என்று ஒரு பாடம் வருகிறது. குறைந்த நீரில், கடும் வெயிலில் அதிக உணவு தயாரிக்கும் தாவரங்கள் அவை. கரும்பையும் மக்காச்சோளத்தையும்தான் வழக்கமாக எடுத்துக்காட்டுவார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் சி4 தாவரங்களே. வானம் பார்த்த சரிவில் அவை ஏன் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்கான விடை பாடநூலில் இருக்கிறது. அந்த விடையின் சாட்சி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு படம், ஐந்து நிமிடக் காணொளி போதும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குளவி

மதிய உணவுக்குப் பிறகு திரையில் ஒரு படம் போட்டோம். நுனி சுருண்டு, கொத்துக் கொத்தாகச் சுருங்கிப்போன மரவள்ளி இலை. அடியில் வெள்ளைப் பஞ்சு.

"மாவுப்பூச்சி!" என்று வகுப்பே சொன்னது. "எங்க காட்டுல வந்துச்சு. கிழங்கு சிறுத்துப் போச்சு" என்றான் ஒரு பையன்.

அந்தப் பூச்சியின் கதையைச் சொன்னோம். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் பூச்சியும் அங்கிருந்து வந்ததே. 1970களில் அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியை நம்பி வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களின் உணவை அழித்தது. மருந்தடித்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. பூச்சியின் எதிரியைத் தேடிப் போன விஞ்ஞானிகளுக்குப் பராகுவே நாட்டில் ஒரு மிகச் சிறிய குளவி கிடைத்தது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளேயிருந்து தின்று வளரும். ஆப்பிரிக்காவில் அந்தக் குளவி பெருக்கி விடப்பட்டது, மரவள்ளி மீண்டது. இந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2020இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்துவிட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து வளர்த்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகள் முதன்முதலாக வயலில் விடப்பட்டன. ஏத்தாப்பூர் நமக்குப் பக்கத்து மாவட்டம்.

வகுப்பு அமைதியாகக் கேட்டது. பிறகு அதே பையன் கேட்டான்: "அந்தக் குளவி எங்க காட்டுக்கு வந்துச்சான்னு எப்புடித் தெரிஞ்சுக்கறது?"

அன்றைய தினத்தின் மிகச் சிறந்த கேள்வி அது. குளவி தாக்கிய மாவுப்பூச்சி பழுப்பு நிறமாகி, உப்பி, கெட்டியான கூடாகிவிடும்; குளவி வெளியேறிய கூட்டில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். ஒரு கைலென்ஸ் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைக் காட்டில் தேடிப் பார்க்கலாம், எண்ணலாம், தேதி போட்டுக் குறித்து வைக்கலாம். குடுவையும் வெள்ளைக் கோட்டும் இல்லாத ஆராய்ச்சி அது.

குச்சிக்கிழங்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. பச்சைக் கிழங்கையும் இலையையும் நசுக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். தோலில் அது அதிகம். பச்சை இலையையும் தோலையும் தின்ற ஆடுமாடு செத்துப்போவது அதனால்தான். தோலை நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும் என்பது வீட்டுப் பழக்கம். ஏன் என்று வேதியியல் வகுப்பு சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் ஆட்டைக் காப்பாற்றும் பாடம் இது. ஏழை வீட்டில் ஓர் ஆடு என்பது ஒரு பள்ளிக் கட்டணம், ஒரு மருத்துவச் செலவு.

திரை இருக்கிறது, மலை இல்லை

கருவிகளே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் கல்வி தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. மணற்கேணி செயலி இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலைச் செய்து பார்த்துக் கற்பதற்காக, 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் 'துளிர்' இதழ் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கலைப் பிள்ளைகளே ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது.

இவ்வளவு இருந்தும், நாங்கள் பேசிய பிள்ளைகளில் ஒருவர்கூடத் தங்கள் மலையைப் பற்றிய அறிவியல் படம் எதையும் பார்த்ததில்லை என்றார்கள். திரையில் அவர்கள் பார்த்த விவசாயம் டிராக்டர் ஓடும் சமவெளி. க்யூஆர் குறியீட்டைத் திறக்கச் சிக்னல் வேண்டும். மலையின் மடிப்புகளில் அது வந்து வந்து போகும். ஊரடங்குக் காலத்தில் வகுப்பு கைபேசிக்குள் போனபோது, பழங்குடிப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும்தான் முதலில் வெளியே நின்றார்கள். அதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது இன்னொரு செயலி அல்ல. இணையம் இல்லாமலும் ஓடக்கூடிய, மலையின் சொற்களில் பேசக்கூடிய ஒரு சிறு பெட்டி. ஒரு பென் டிரைவில் பத்துக் குறும்படங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். சுவரில் மாட்ட விதை ரகங்களின் வண்ணப் படத்தாள். புட்டிகளில் உண்மையான விதைகள். இரண்டு கைலென்ஸ். செய்து பார்க்க ஒரு கையேடு.

செய்முறைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நூறு சாமை விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணுங்கள். எண்பது முளைத்திருந்தால் முளைப்புத் திறன் 80 விழுக்காடு. தொம்பையில் இருந்த விதை ஒன்று, ஈரமான சாக்கில் இருந்த விதை ஒன்று என இரண்டையும் ஒப்பிட்டால், தானியச் சேமிப்பின் அறிவியல் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோனால், எவ்வளவு விதை விதைக்க வேண்டும் என்று அப்பாவுக்கும் சொல்லலாம். கணக்கும் அறிவியலும் விவசாயமும் ஒரே ஈரத்துணிக்குள் இருக்கின்றன.

சாமைக் காட்டில் ஊடுபயிராக வரும் அவரையையோ மொச்சையையோ வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் இருக்கும் சிறு முடிச்சுகளில்தான் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை உரமாக்குகிறது. பாடநூல் படத்தில் பார்த்ததைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு எந்த நகரப் பள்ளிக்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

யார் பெயர் வரும்?

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தப் படங்களில் மலை மக்கள் காட்சிப் பொருளாக வரக் கூடாது. அறிந்தவர்களாக, விளக்குபவர்களாக வர வேண்டும். படத்தின் முடிவில் ஆய்வாளர் பெயரோடு விதை கொடுத்தவர் பெயரும், அவர் சம்மதத்தோடு, வர வேண்டும்.

இது உணர்ச்சிவசப்பட்ட கோரிக்கை அல்ல. அகத்தியர் மலையில் 1987இல் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு சிறு காயைத் தின்றபடி சோர்வின்றி நடந்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து, திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்ட முன்னோடி நிகழ்வுகளில் ஒன்றாக உலகம் அதைப் படிக்கிறது.

சட்டமும் துணை நிற்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001, உழவர்கள் தங்கள் ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்ய வழி செய்கிறது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002, உள்ளாட்சி தோறும் ஒரு மேலாண்மைக் குழுவையும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கேட்கிறது. பதிவேடு என்றவுடன் அது அலுவலகப் பீரோவில் தூங்கும் கோப்பு என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதும் விதைக் குறிப்பும் குரல்பதிவும் அந்தப் பதிவேட்டுக்கு உயிர் கொடுக்கும். தன் ஊர் விதையின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய பிள்ளை, நாளை அந்த விதையை வேறொருவர் உரிமை கொண்டாடினால் கேள்வி கேட்கும்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமும், மலையில் ஆய்வு செய்த நிறுவனங்களும், ஊர்ப் பெண்கள் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளில் தொடங்கி, அடிவாரத்தில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் அந்தப் பெட்டி போக வேண்டும். கிழங்குக் காட்டில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த அறிவியலில் பங்கு உண்டு. பாடத்தில் சாமை வரும் நாளில் தட்டிலும் சாமை உப்புமா வரட்டும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் கொல்லிமலையில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில், மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் விதைக் கண்காட்சிக்கும் ஒரு பந்தல் கொடுக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் வயதில் மூத்த பெண்மணி யாரோ, அவரிடம் இன்று மாலை உட்காருங்கள். அவருக்குத் தெரிந்த விதைகளின் பெயர்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் எப்போது விதைக்கப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று எழுதுங்கள். கைபேசி இருந்தால் குரலைப் பதிவு செய்யுங்கள். தேதியும் ஊர் பெயரும் அவர் பெயரும் போடுங்கள். உங்கள் வகுப்பறையின் முதல் ஆய்வு ஆவணம் அதுவாகவே இருக்கட்டும்.

மாலையில் கிளம்பும் முன், மறுபடியும் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னோம். எல்லோரும் மாறிவிடவில்லை, வெள்ளைக் கோட்டுகள் இன்னும் நிறைய இருந்தன. அந்தச் சிறுமியின் தாளில் ஒரு முறமும், அதைப் பிடித்த இரண்டு கைகளும் இருந்தன. முகம் வரையவில்லை. "பாட்டி மூஞ்சி எனக்குச் சரியா வராது சார், வீட்டுல பாத்து வரையறேன்" என்றாள்.

புட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.